கடைமடையின் வாக்கு

ஓர் ஆறு இரண்டு நாடுகளைப் பிரித்துக்கொண்டு ஓடிய காலத்தில், வடகரையை ஒரு மதகு ஆண்டது. தென்கரையை இன்னொரு மதகு ஆண்டது. குடிகளெல்லாம் நெற்கதிர்கள். ஆண்டுதோறும் வாக்கெடுப்பு நடக்கும். மதகின் விருப்பப்படியே தண்ணீர் ஓடட்டும் என்பவர் தலை குனிய வேண்டும். முறைவைத்து எல்லோருக்கும் விடு என்பவர் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

வடகரைத் தலைமடையில் சீரகச் சம்பா. வயிறாரக் குடித்து, மணி முற்றி, எப்போதும் குனிந்தே இருந்தது. கடைமடை உவர்மண்ணில் களர்ப்பாலை நெல். பால் பிடிக்கும் பருவத்தில் தண்ணீர் நின்றுவிடும்; பதராய் நிமிர்ந்து நிற்கும். நடுமடைக் கிச்சிலி நெல் அரைகுறையாய் மணி பிடித்து, பாதி குனிந்து, மதகின் பக்கமே சேரும்.

“பதருக்குத் திமிரைப் பாரு” என்று சம்பா சிரிக்கும். தண்ணீர் எங்கே என்று கேட்டால், அக்கரைக்காரன் குடித்துவிட்டான், அங்கே கடைசி வயல்வரை பொன்னாய் விளைந்து கிடக்கிறது என்று மதகு சொல்லும். கிச்சிலிக்கு அக்கரையின் மேல் அத்தனை ஆத்திரம்.

அந்த ஆண்டு களர்ப்பாலைக்குப் பால் வற்றத் தொடங்கியது. தண்ணீர் வராவிட்டால் விதைக்குக்கூட ஒரு மணி மிஞ்சாது. நிமிர்ந்து நின்றதால் அதற்கு ஆறு தெரிந்தது. ஆற்றுக்கு அப்பாலும் தெரிந்தது. அங்கேயும் மதகடியில் குனிந்த கதிர்கள், கடைசியில் பதர்.

காற்று தணிந்ததும் குரல் கொடுத்துப் பார்த்தது. தங்கள் மதகும் இதே கதையைத்தான் கரையை மட்டும் மாற்றிச் சொல்கிறது என்று அக்கரைப் பதர் பதில் சொன்னது.

களர்ப்பாலை கிச்சிலியிடம் திரும்பியது.

“அண்ணே, நான் சொல்றதை நம்ப வேணாம். கழுத்தைத் தூக்கி ஒரு தடவை அக்கரையைப் பாருங்க.”

“குனிஞ்சே பழகிட்டேன்பா. கழுத்து வலிக்கும்.”

“எங்களுக்கு வயிறு காயுதே அண்ணே.”

கிச்சிலி முனகிக்கொண்டே நிமிர்ந்தது. வெகுநேரம் பார்த்தது. வாக்கெடுப்பு நாளிலும் குனியவில்லை. அக்கரை நடுமடையும் அப்படியே எட்டிப் பார்த்து நிமிர்ந்திருந்தது. இரண்டு மதகுகளும் தோற்றன.

முறைத் தண்ணீர் கடைமடையை எட்டியது. களர்ப்பாலை வேர் குளிரக் குடித்தது. பால் திரண்டு மணியானது. அதன் பரம்பரையிலேயே முதல் தடவையாகத் தலை கனத்தது, சுகமாய்த்தான் இருந்தது. குனியக் குனிய ஆறு மறைந்து, சொந்த வரப்பு மட்டும் கண்ணில் பட்டது.

பக்கத்தில் இன்னும் மணி முற்றாமல் நின்ற கதிரை அது அவசரமாகக் கூப்பிட்டது.

“தங்கச்சி, எனக்கு இனிமே தெரியாது. அக்கரைக் கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேர்ந்துச்சான்னு நீ பார்த்துச் சொல்லு.”