லேட் நோட்டில் இரண்டு பெயர்கள்

தென்காசிப் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அங்கே மூன்று முறை தாமதமாக வந்தவளுக்கு அந்த வருடம் விளையாட்டு அணியில் இடமில்லை. முன்பு லேட் நோட்டை ஆசிரியர்கள் எழுதினார்கள். வேண்டியவர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் அதில் ஏறவே ஏறாது. பிளஸ் டூ மாணவிகள் சண்டை போட்டு நோட்டைத் தங்கள் கைக்கு வாங்கினார்கள். விதியை எடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்றார்கள். மணி அடித்த பிறகு கேட்டைத் தாண்டுகிறவர் யாரானாலும் எழுதுவது என்று தலைமையாசிரியையும் கையெழுத்துப் போட்டார்.

நோட்டு கபடி அணித் தலைவி ஜெசிந்தாவிடம் இருந்தது. அந்த அணியில் பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்பாதவள் முப்பிடாதி. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு லேட். மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் டவுன் பஸ் வராமல், ஓடி வந்தும் பிந்திவிட்டாள்.

"ஏட்டி ஜெசி, மூணு நிமிஷந்தானட்டி."

"நீ இல்லன்னா நாளைக்கு நாங்க மண்ணத்தான் கவ்வணும். எனக்குத் தெரியாதா?" என்றபடியே ஜெசிந்தா எழுதிவிட்டாள்.

அப்போது உடற்கல்வி ஆசிரியர் அருளப்பன் பைக்கில் வந்தார். அணிக்கு ஆள் எடுப்பதும் நீக்குவதும் அவர்தான். முப்பிடாதி அவரிடம் கெஞ்சினாள். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தாம்மா. நான் என்ன செய்ய?"

நோட்டைத் திருப்பிக் கொடுத்து வண்டியைக் கேட்டுக்குள் விட்டார். ஜெசிந்தா அடுத்த வரியில் அவர் பெயரை எழுதினாள். அதைப் பார்த்தவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாவம், பிள்ளை விளையாடட்டும் என்றார்.

மதியம் தலைமையாசிரியை அணியை வரவழைத்துப் பட்டியலைச் சரிபார்த்தார். முப்பிடாதிக்கு இரண்டு லேட்தான் என்றார் அருளப்பன். ஜெசிந்தா வாயைத் திறக்குமுன் முப்பிடாதி முந்திக்கொண்டாள். "மூணு, டீச்சர்."

அவள் பெயர் நீக்கப்பட்டது. மறுநாள் முதல் ஆட்டத்திலேயே அணி தோற்றது. பள்ளி முழுவதும் ஜெசிந்தாவைத்தான் திட்டியது.

எழுதியவள், கிழித்தவர், ஒப்புக்கொண்டவள். இவர்களில் யார் செய்தது சரி?

யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: ஜெசிந்தா. அருளப்பன் செய்ததை இரக்கம் என்று சொல்லாதீர்கள். நோட்டில் முப்பிடாதியின் பெயர் மட்டும் இருந்தவரை அவருக்கு விதி பெரிதாக இருந்தது. தன் பெயர் ஏறிய பிறகுதான் இரக்கம் வந்தது. முப்பிடாதி நல்ல பிள்ளை, ஆனால் அவள் விட்டுக்கொடுத்தது தன் இடத்தை மட்டும்தான். ஜெசிந்தாவோ தோழியை எழுதிய பேனாவால், தன்னையே அணியிலிருந்து தூக்கக்கூடியவரையும் அவர் கண்ணெதிரே எழுதினாள். ஆறாம் வகுப்பில் தாமதமாக வந்தேன் என்று என்னைக் கேட்டோடு திருப்பி அனுப்பிய வாத்தியார், எனக்குப் பின்னால்தான் சைக்கிளில் வந்து இறங்கினார். அவரை எழுத அங்கே ஒருத்தரும் இல்லை. நான் அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை.