கை கழுவிய பிறகு

"நான் என்ன குறை வச்சேன், சிஸ்டர்?"

ஹெப்சிபாவின் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார் தளவாய். மனைவி ஆவுடைக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஹெப்சிபா வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். தளவாய்க்கு மகள் வயது. ஆவுடையின் காலில் சர்க்கரைப் புண் வந்தபோது கட்டு மாற்றச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"உள்ள வாங்க, அண்ணாச்சி."

"காலையும் சாயங்காலமும் கட்டு மாத்தினேன். ஒருநாள் தப்பலை. கை கழுவாம புண்ணைத் தொட்டதே கிடையாது. எல்லாம் நீங்க சொன்னபடிதான். பிறகு எப்படிச் சீழ் வச்சுது? ரத்தத்துல எப்படி விஷம் ஏறுச்சு?"

அவள் ஒரு தலையணையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதுதான் மதினி கால். வீட்டுல செஞ்ச மாதிரியே செய்ங்க."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் குழாயடிக்குப் போனார்.

சோப்புப் போட்டார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. ஒன்றையும் விடவில்லை. குழாயை மூடினார். தோளில் கிடந்த துண்டை இழுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே மேசைக்குத் திரும்பினார்.

ஹெப்சிபா கையை நீட்டினாள்.

"என்ன?"

"துண்டு."

பஸ்ஸில் வரும்போது கழுத்து வேர்வையைத் துடைத்த துண்டு. உட்காருமுன் சீட்டைத் தட்டிய துண்டு. ஆவுடை இருமும்போதெல்லாம் அவள் வாயைத் துடைத்துவிட்டதும் அதே துண்டால்தான்.

கொடுத்தார்.

அவள் அதை வெள்ளைப் பேசின் தண்ணீரில் முக்கினாள். தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது.

தளவாய் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப... நான்தானா?"

"தெரியாது, அண்ணாச்சி. சர்க்கரை கூடிப்போயிருந்துச்சு. புண்ணும் ஆழம். இதனாலதான்னு யாராலும் சொல்ல முடியாது."

"நீங்க சொன்னதுல ஒண்ணைக்கூட நான் விடலையே, சிஸ்டர்."

"விடலை."

அவள் துண்டைப் பிழிந்தாள். திரும்பவும் முக்கினாள். நிமிரவேயில்லை.

"கட்டு மாத்தச் சொல்லிக்கொடுத்த அன்னைக்கு நான் கையைச் சுத்தமான டிஷ்யூ காகிதத்துல துடைச்சேன். நீங்க பார்த்திருப்பீங்கன்னு நினைச்சு, வாயைத் திறந்து சொல்லாம வந்துட்டேன்."