கஞ்சி வாங்கிய அவைத்தலைவர்

மலைகளுக்கும் ஆறுகளுக்கும் அப்போதுதான் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம். வெண்ணாவல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதைப் பெருநம்பி என்ற அரசன் ஆண்டான். நல்லவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யாராவது வந்து "எல்லாம் சரியாக நடக்கிறது" என்றால் அப்படியே நம்பிவிடுவான். நல்லவர்களுக்கு இது ஒரு வியாதி.

அந்த நாட்டில் முகம் காட்டுதல் என்று ஒரு வழக்கம். பௌர்ணமிதோறும் சிறையில் இருப்பவர்களைக் கோட்டை வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். திருடனானாலும் சரி, கொலைகாரனானாலும் சரி. பெற்றவள் வந்து பார்ப்பாள், பெண்டாட்டி வந்து பார்ப்பாள், பகையாளியும் வந்து பார்ப்பான். ஆள் உயிரோடு இருக்கிறானா, அடிபட்டிருக்கிறானா என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் சிறைக் காவலர்கள் கையை அடக்கி வைத்திருந்தார்கள்.

கோட்டைத் தளபதி விசையரங்கனுக்கு இந்த வழக்கம் பிடிக்கவில்லை. அவன் கோட்டைக்கு அடியில் ஒரு பாதாள அறையைத் தோண்டினான். அங்கே இருப்பவர்களை வாசலுக்குக் கொண்டுவர மாட்டேன் என்றான். உள்ளே இருப்பவர்கள் யார் என்று ஊர் அவை கேட்டது. "அரச ரகசியம்" என்றான். என்ன குற்றம் செய்தார்கள் என்று கேட்டது. "அரச ரகசியம்" என்றான். எப்போது விடுவாய் என்று கேட்டது. அதுவும் அரச ரகசியம்தான்.

காத்தான் என்று ஒரு ஓடக்காரன். தளபதியின் ஆட்கள் ஒருநாள் மூடிய பெட்டிகளோடு அவன் ஓடத்தில் ஏறினார்கள். கரை சேர்ந்ததும் அவன் விளையாட்டாக, "என்ன சாமி, இந்தக் கனம் கனக்குது? உள்ளே என்ன?" என்று கேட்டுவிட்டான். மறுநாள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டவன் கதி தெரிந்த பிறகு நான் ஏன் கேட்கப் போகிறேன்?

பௌர்ணமி வந்தது. காத்தான் முகம் வாசலில் இல்லை. அடுத்த பௌர்ணமிக்கும் இல்லை. அதற்கடுத்த பௌர்ணமிக்கும் இல்லை. அவன் மனைவி வெள்ளாயி அவையின் முன் போய் நின்றாள்.

"இனிமேல் யார்கிட்டே போய் நிக்கிறது, ஐயா? அரசர் பவனி வரும்போது யானைக்குக் குறுக்கே விழப்போறேன். மிதிச்சா மிதிக்கட்டும்."

அந்த நாட்டில் அதற்கும் வழக்கம் உண்டு. யானைக்கு முன்னால் விழுந்தவரின் குறையை அரசனே இறங்கிக் கேட்டாக வேண்டும். வெள்ளாயி சொன்னது தளபதியின் காதுக்கு எட்டியது. உடனே பணிவாக அவைக்கு ஒரு வழி சொன்னான். "உங்களில் ஒருவர் வந்து பாதாள அறையைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பார்த்ததை வெளியே சொல்வதில்லை என்று கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்ய வேண்டும்."

அவையோருக்கு ஒரே சந்தோஷம். தளபதி இறங்கி வந்துவிட்டான், அவையின் மதிப்பு உயர்ந்துவிட்டது என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். அவைத்தலைவர் அம்பலவாணரையே அனுப்பினார்கள். அவர் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார், இறங்கினார், பார்த்தார், ஏறி வந்தார். வாசலில் வெள்ளாயி நின்றுகொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா ஐயா?"

"பார்த்தேன், அம்மா."

"என் புருஷன் இருக்காரா?"

"சத்தியம் செய்திருக்கிறேன். வாய் திறக்கக் கூடாது."

வெள்ளாயி விடவில்லை. "நீங்க வாயே திறக்க வேண்டாம். நாளைக்கு ஒரு கலயம் கஞ்சி கொண்டு வரேன். அவர் உயிரோட இருந்தா வாங்கிக்குங்க. இல்லேன்னா திருப்பிக் கொடுத்துடுங்க. அதுலேயே நான் தெரிஞ்சுக்கிறேன்."

மறுநாள் கலயத்தை நீட்டினாள். அம்பலவாணர் கணக்குப் போட்டார். திருப்பிக் கொடுத்தால் அவள் அங்கேயே விழுந்து அழுவாள், ஊர் கூடும், சத்தியம் உடையும், தளபதி கோபிப்பான். வாங்கிக்கொண்டால் ஒரு தொல்லையும் இல்லை. அவர் வாங்கிக்கொண்டார்.

வெள்ளாயி கால் தரையில் படாமல் வீட்டுக்குப் போனாள். யானைக்கு முன்னால் விழும் நினைப்பையே விட்டுவிட்டாள். தினமும் கோட்டை வாசலுக்கு ஒரு கலயம் கஞ்சி கொண்டுவந்தாள்.

சேதி பரவியது. பாதாள அறைக்குள் போன இன்னும் மூவரின் வீட்டுப் பெண்களும் கலயத்தோடு வந்தார்கள். எல்லாக் கலயங்களையும் அம்பலவாணர் வாங்கிக்கொண்டார். எல்லாம் காலியாகத் திரும்பி வந்தன. அரசன் பவனி வந்தபோது இந்த வரிசையைப் பார்த்து என்னவென்று கேட்டான். "அவை கண்காணிக்கிறது, மன்னா. மக்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்" என்றான் தளபதி. அரசன் மகிழ்ந்து யானையை நடத்தச் சொன்னான். அந்தப் பெண்களும் அவனுக்குக் கைகூப்பி வழிவிட்டார்கள். வயிறு எரிகிறது எனக்கு, சொல்லும்போதே.

ஒரு வருஷம் ஆனது. வெள்ளாயிக்கு ஒரு சின்ன விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கலயம் தினமும் கழுவித் துடைத்து வந்தது. காத்தான் பிறந்ததிலிருந்து ஒரு பாத்திரம் கழுவியவனில்லை.

ஒருநாள் கஞ்சியில் வேப்பிலையை அரைத்துப் போட்டாள். நிலவேம்பை அரைத்துப் போட்டாள். இரண்டு கை உப்பையும் அள்ளிப் போட்டாள். எந்தப் பசிக்காரனும் அதில் இரண்டாவது வாய் குடிக்க முடியாது. மாலையில் கலயம் வழக்கம்போல் கழுவித் துடைத்து வந்தது.

மறுநாள் அதே கஞ்சியைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு, மற்ற மூன்று பெண்களோடு நேரே அவைக்குப் போனாள்.

"நேத்து இதே கஞ்சிதான் உள்ளே போச்சு. இதை முழுசாக் குடிச்ச ஆள் யாருன்னு நான் கேக்கலை, அது ரகசியமா இருக்கட்டும். நீங்க ஒரு வாய் குடிங்க, ஐயா."

அம்பலவாணர் ஒரு வாய் குடித்தார். துப்பினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "வாழை மரத்தடியில் ஊற்றினேன்" என்றார்.

வெள்ளாயி அழவில்லை. அரசன் பவனி வந்துகொண்டிருந்த வீதிக்கு ஓடி யானையின் முன்னால் விழுந்தாள். மற்ற மூவரும் அவள் பக்கத்தில் விழுந்தார்கள். அரசன் இறங்கினான், கேட்டான், பாதாள அறையைத் திறக்கச் சொன்னான்.

உள்ளே ஒருவரும் இல்லை. தரையைப் புதிதாக மெழுகியிருந்தார்கள்.

"உம்முடைய சத்தியத்திலிருந்து உம்மை விடுவிக்கிறேன்" என்றான் அரசன் அம்பலவாணரிடம். "நீர் பார்க்கப்போன அன்று என்ன பார்த்தீர்?"

"காத்தான் அன்றைக்கே செத்துக் கிடந்தான், மன்னா."

"மற்ற மூவர்?"

அவர் அந்த மூன்று பெண்களையும் பார்க்காமல் சொன்னார். "உயிரோடு இருந்தார்கள். தண்ணீர் கேட்டார்கள்."

அவர்களில் வயதானவள் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவள்தான் கேட்டாள். "அந்தக் கஞ்சியையாவது எம்புள்ளைக்குக் கொடுத்தியா, ஐயா?"

"தளபதி அனுமதிக்கவில்லை, அம்மா. நான் வற்புறுத்தவில்லை."

தளபதியின் தலையை வாங்க ஆணையிட்டான் அரசன். வெள்ளாயி நகரவில்லை. "இவருக்கு என்ன தண்டனை, மன்னா?" என்று அம்பலவாணரைக் காட்டிக் கேட்டாள்.

அரசன் சட்டம் தெரிந்தவர்களைப் பார்த்தான். கொன்றவனுக்குச் சட்டம் இருந்தது, பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவருக்கு எழுதி வைக்கவில்லை.

"தண்டனை வேண்டாம், போங்க" என்றாள் வெள்ளாயி. "ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க, ஐயா. நீங்க அந்த அறைக்குள்ளே இறங்காமலே இருந்திருந்தா நான் அன்னைக்கே யானைக்கு முன்னாடி விழுந்திருப்பேன். இவங்க மூணு பேர் வீட்டு ஆளும் பிழைச்சிருப்பாங்க. நீங்க பார்த்துக்குவீங்கன்னு நம்பித்தான் நாங்க வீட்டுக்குப் போனோம்."

ஆகவே மக்களே, கண்டதைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கண்காணிக்கப் போகிறவன், குற்றம் செய்தவனுக்குத்தான் காவல் நிற்கிறான்.