பச்சைச் செருப்புத் தலைவரு

ஒரு ஊர்ல ஒரு தலைவரு இருந்தாரு. ஊருன்னா சும்மா ஊரில்ல, ஒரு நாடு. சுத்திலும் மலை. உள்ள யாரும் வரக்கூடாது, வெளிய யாரும் போகக்கூடாது. அவரு முழிச்ச அப்புறம்தான் சேவல் கூவணும். ஆமா, சேவலுக்கும் சட்டம்! ம் சொல்லு... ம்.

அப்புறம், அவரு மூஞ்சிய யாரும் பார்க்கக்கூடாது. அவ்ளோ ஒளியாம், பார்த்தா கண்ணு அவிஞ்சிடுமாம். அவரு வந்தா எல்லாரும் குனிஞ்சுக்கணும். அதனால ஜனங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் அவரோட பச்சைச் செருப்புதான். கிறீச் கிறீச்னு கேட்டா, "வாழ்க! வாழ்க!"

அங்க செங்கமலம்னு ஒரு பொண்ணு. ஒருநாள் அவ அப்பா தலையில சொத்துன்னு காக்கா எச்சம் போட்டுச்சு. மனுஷன் நிமிர்ந்து பார்த்துட்டாரு. அந்த நேரம் பார்த்தா தலைவரு வரணும்? பாவம், ஜெயில்ல போட்டுட்டாங்க. தலைவரு சொன்னாத்தான் விடுவாங்களாம்.

அப்போ செங்கமலம் ரோட்டுல குனிஞ்சு நின்னு, "எங்கப்பாவ விட்டுடுங்கய்யா"ன்னா. செருப்பு நிக்காம போயிடுச்சு. அப்புறம் அரண்மனை வாசல்ல கேட்டா. செருப்பு நின்னுச்சு, திரும்புச்சு, போயிடுச்சு. அழுகைக்கு நடுவுல அவளுக்கு ஒரு யோசனை. 'ஆமா, இந்தச் செருப்புக்கு மேல என்னதான் இருக்கும்?' உனக்கும் தெரியணுமா? ம்.

மூணாவது தடவ ஆத்தங்கரை. தலைவரு தண்ணியில குளிக்கிறாரு. காவக்காரங்க கரையில இருக்கிற வெறும் செருப்பப் பார்த்துக் குனிஞ்சு, "வாழ்க வாழ்க"ங்கிறாங்க! செங்கமலம் தைரியமா நிமிர்ந்தா. ஒளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெரிய தொப்பை, சின்ன மூக்கு, குளிர்ல பல்லு கடகடங்குது.

அப்போ அவ பொசுக்குன்னு செருப்புல கால விட்டா. கிறீச்! கிறீச்! ஜெயிலுக்கு நடந்தா. காவக்காரங்க குனிஞ்சபடியே பின்னாடி போறாங்க.

"டேய், நான் இங்க இருக்கேன்டா!"ன்னு தலைவரு ஆத்துலேர்ந்து கத்துறாரு.

"யாருடா அது, தலைவரு போறப்ப சத்தம் போடறது? பேசாம குளி!"ன்னான் ஒருத்தன்.

ஜெயில் வாசல்ல, "கதவத் திற!"ன்னா. ஜெயில்காரனுக்குச் சந்தேகம், ஆனா நிமிர முடியுமா? "தலைவருக்குத் தொண்டை கட்டியிருக்கு போல"ன்னு முணுமுணுத்துக்கிட்டே திறந்தான். கிர்ர்ர்...

அப்பா வெளிய வந்தாரு. பச்சைச் செருப்பக் கண்டதும் மண்ணுல தலைய வெச்சு, "இனிமே நிமிரவே மாட்டேன்யா"ன்னு அழறாரு.

அதப் பார்த்ததும் செங்கமலம் செருப்பக் கழட்டி வீசிட்டா. "நிமிர்ந்து பாருப்பா, நான்தான்."

காவக்காரங்கதான் முதல்ல நிமிர்ந்தாங்க. இத்தன நாளா செருப்பயா கும்பிட்டோம்னு வெக்கமாப் போச்சு, ஈட்டியக் கீழ போட்டுட்டாங்க. அப்புறம் அப்பா மெல்லத் தலையத் தூக்கினாரு. "எத்தன நாளாச்சும்மா உன் மூஞ்சியப் பார்த்து"ன்னாரு.

கதையும் தீந்துச்சு, உனக்குக் கொட்டாவியும் வந்துச்சு. கண்ண மூடு கண்ணு.