தண்ணீருக்கு முப்பது அடி

புதுக்கால்வாய் வெட்டி முடித்த வருஷம், இருபத்தொரு குடும்பங்கள் அதன் கரையில் வந்து இறங்கின. மூன்று தலைமுறையாகப் பண்ணையார் வாசலில் கைகட்டி நின்றவர்கள். கட்டிய கையைப் பிரிக்கச் சொன்னால், எத்தனை விரற்கடை பிரிக்க வேண்டும் என்று கேட்பார்கள்.

அவர்களில் ஒருத்தி ஒச்சம்மாள். மூன்று பண்ணைகளில் குடியிருந்து, மூன்றிலிருந்தும் சட்டிபானையோடு வீசப்பட்டவள். இனி எவனும் தன்னைக் கிளப்ப முடியாதபடி, தன் பெயரில் ஒரு வீட்டுமனைப் பட்டா வாங்கிவிட வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

பட்டா கொடுக்கும் அதிகாரி ஜீப்பில் வந்தார். தண்ணீருக்கு முப்பது அடி தள்ளி வீடு இருக்க வேண்டும், மறுபடி வந்து பார்க்கும்போது ஓர் அடி கூடினாலும் குறைந்தாலும் பட்டா கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடி என்றால் யாருடைய அடி என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். உத்தரவு போட்டவருடைய அடிதான் என்று முடிவாயிற்று. சேற்றில் பதிந்திருந்த பூட்ஸ் தடத்துக்கு அளவாகக் குச்சி வெட்டினார்கள். தடத்தின் மேல் கூடையைக் கவிழ்த்தார்கள். அந்தக் கூடையைத் தாண்டிப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

மூங்கில் நட்டுக் கீற்று வேய்ந்து குடிசைகள் எழுந்தன. மறுநாள் மதகைத் திறந்தார்கள். தண்ணீர் கரையில் நாலடி ஏறியது. இருபத்தொரு குடிசைகளையும் தூக்கி நாலடி பின்னால் வைத்தார்கள். அடுத்த நாள் தண்ணீர் இறங்கியது. ஊர் முன்னால் வந்தது. ஒச்சம்மாள் உலை வைத்தது ஓரிடமாகவும் சோறு வடித்தது வேறிடமாகவும் இருந்தது.

மதகைத் திறந்து மூடுகிறவர் இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், கரையிலிருந்து அளந்தால் என்ன, கரை நகராதே என்றார். ஒச்சம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அய்யா கரைன்னா சொன்னாரு? தண்ணின்னுதானே சொன்னாரு. உம்ம பேச்சைக் கேட்டு நாலாவது தடவையும் நான் நடுத்தெருவுல நிக்கணுமா?"

பங்குனியில் கால்வாயை அடைத்துவிட்டார்கள். தரை பாளம் பாளமாக வெடித்தது. அந்த நேரம் பார்த்து, அதிகாரி நாளைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது.

"தண்ணி இப்ப அணையில கிடக்கு. நாப்பது மைல். ஊரைத் தூக்குங்க" என்றார் மூத்தவரான சடையாண்டி.

"அதுக்குள்ள அய்யா வந்துட்டா? தண்ணி எங்க வருதோ வரட்டும். வந்ததும் அளப்போம்" என்றாள் ஒச்சம்மாள்.

ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. கண்ட தண்ணீரும் கணக்கைக் கெடுக்கக் கூடாதென்று குடம், தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அதிகாரி உச்சிவெயிலில் இறங்கினார். ஒரு கையில் பட்டாக் கட்டு, மறுகையில் தண்ணீர்க் கூஜா.

"தண்ணி வந்துட்டுது" என்றாள் ஒச்சம்மாள்.

குடிசைகள் எழுந்து பின்வாங்கின. அதிகாரி நிற்கச் சொல்லிக்கொண்டே அவற்றின் பின்னாலேயே நடந்தார். அவர் நடக்க நடக்க ஊரும் நடந்தது. அவர் ஓடினார், ஊரும் ஓடியது. மூன்று மைல் தாண்டி, ஒரு பொட்டல்மேட்டில், கூஜாவைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"தண்ணி எங்கேம்மா இருக்கு? குடிச்சே தீர்த்துட்டேன்."

"அதான் அய்யா, வயித்துல இருக்கு. அசையாம உக்காருங்க. அளந்துக்கறோம்."

அவரைச் சுற்றி முப்பது அடியில் இருபத்தொரு குடிசைகளும் நட்டாயிற்று. விட்டால் போதும் என்று எல்லாருக்கும் பட்டாவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் நடையைக் கட்டினார். ஊருக்குக் கால்வாய்க்கரை என்று பெயர் வைத்தார்கள்.

ஒச்சம்மாள் பட்டாவைக் கூரையில் செருகினாள். மூன்று மைல் போய் ஒரு கிணற்றில் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தாள். வாசலில் கால் வைக்கப்போகும்போது சடையாண்டி தடுத்தார்.

"ஏ ஒச்சம்மா, அய்யா வயித்துல இருந்தது தண்ணின்னா, உன் வயித்துல இருக்கறது என்ன?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வீட்டிலிருந்து குச்சியால் முப்பது அடி அளந்து, வெட்டவெளியில் பாயை விரித்தாள். ஊரும் அவரவர் பாயோடு வெளியே வந்தது.

இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். பட்டா வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து அவளை இனி எவனாலும் கிளப்ப முடியாது.