பொட்டு வைத்த விளக்கு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற காரில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால், எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று திடீரென்று எரிந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

தவமணி அதற்குப் பொட்டு வைத்தான்.

சிரிக்காதீர்கள். அவன் விவரம் தெரியாதவன் இல்லை. துறையூர் சுற்றுவட்டாரத்தில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக் செட் அவனுடையதுதான். வயர் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வான். போன வருஷம் ஒரு பழைய கார் வாங்கினான். குழாய் ஸ்பீக்கருக்குள் போகிற வயர்தானே காருக்குள்ளும் போகிறது, இதையும் நாமே பார்த்துக்கொண்டால் என்ன என்று ஓர் ஆசை வந்தது. நேராக பைபாஸ் ரோட்டுப் பட்டறைக்குப் போய், என்னைச் சிஷ்யனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றான்.

பட்டறை பிலோமினாவுடையது. தவமணியைவிட வயதில் சின்னவள். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் பிள்ளைக்குத் தாய். அவள் அவனை அண்ணே என்பாள். அவன் அவளைக் குருவே என்பான். முதலில் கேலிக்குத்தான் சொல்லிப் பார்த்தான், பிறகு அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. எதிர்த்த டீக்கடைக்காரர்கூட, உங்க குருவுக்குச் சர்க்கரை தூக்கலா, கம்மியா என்றுதான் கேட்பார்.

பிலோமினாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டி வந்து நின்றாலும் உடனே பானெட்டைத் திறக்கமாட்டாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேள்வி கேட்பாள். எப்போதிலிருந்து? அதற்கு முன்னால் எதைத் தொட்டீர்கள்? என்ன செய்ததும் போனது? போனது எப்போது திரும்பி வந்தது? எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பாள். பொறுமை இல்லாதவர்கள் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

இந்தக் கேள்விகள் தவமணிக்குத் தலைகீழ்ப் பாடம். அவள் சாப்பிடப் போகும் நேரத்தில் வண்டி வந்தால் அவனே கேட்பான், அதுவும் மைக் டெஸ்டிங் குரலில்.

அன்று அவனே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். முகத்தில் எண்ணெயும் கொதிப்பும் வழிந்தன.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு, அவன் பெண்டாட்டி பவளம் உண்டாகியிருந்தாள். எட்டாம் மாதம் முடியப்போகிறது. வளைகாப்பும் ஆகிவிட்டது. நல்ல நாள் பார்த்து, அன்று சாயங்காலம் மலையடிவாரத்தில் இருக்கிற அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பஸ் குலுக்கும், ஆட்டோ தூக்கிப் போடும். தன் காரில், தன் கையால் சுத்தம் பண்ணிய காரில், பூப்போல அழைத்துப் போக வேண்டும் என்று தவமணிக்கு ஒரே பிடிவாதம். அதற்காகத்தான் வீட்டு வாசலிலேயே காரைப் பிரித்துப் போட்டான். காற்று வடிகட்டியைத் தட்டி, எஞ்சினுக்குக் காற்று போகிற வழியைத் துடைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான். வண்டியும் கிளம்பியது. கூடவே விளக்கும் எரிந்தது.

"ஒன்னும் இல்ல குருவே. வண்டி நல்லாத்தான் ஓடுது. அந்த விளக்கை மட்டும் அணைச்சுக் குடுங்க, போதும்."

பிலோமினா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"விளக்கையே காணோமே அண்ணே."

தவமணி தலையைச் சொறிந்தான்.

விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடி மேல், அரக்குச் சிவப்பில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. அதன் ஓரத்தில் லேசாக மஞ்சள் கசிந்தது.

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யாருடைய பொட்டு என்று கேட்டாள். பவளத்துடையதுதான், குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்தாள் என்றான்.

"அவ முன்சீட்டுல உக்காந்துதான் வருவா. விளக்கைப் பார்த்தா பயந்துக்குவா. பிள்ளைத்தாச்சி பயப்படக் கூடாதில்ல?"

அவள் பொட்டை நகத்தால் கிள்ளி எடுத்தாள். கீழே போடவில்லை. தன் கட்டைவிரல் நகத்தின்மேல் ஒட்டிக்கொண்டாள். மஞ்சள் விளக்கு பளிச்சென்று தெரிந்தது.

"எப்போதிலிருந்து?"

"நான் வேலை பார்த்ததிலிருந்து."

"என்ன பண்ணீங்க?"

"பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினேன். போயிடுச்சு."

"போயிட்டு?"

"தெருமுனை தாண்டினதும் வந்துடுச்சு. திரும்பக் கழற்றினேன். போச்சு. திரும்ப வந்துச்சு. அது என்னமோ கோவிச்சுக்கிட்ட மாமியார் மாதிரி வந்து வந்து நிக்குது குருவே."

"தொட்டதையெல்லாம் சொல்லுங்க."

வடிகட்டி, அதன் பெட்டி, காற்றுக் குழாய், அதில் இருக்கிற சென்சார், அதன் பிளக் என்று விரல் விட்டுச் சொன்னான். துடைத்த துணி எது, ஊற்றிய திரவம் எது என்பதுவரை சொன்னான். அவள் காத்திருந்தாள். அவனுக்கு அதற்குமேல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

பானெட்டைத் திறந்தாள். கோளாறைப் படித்துக் காட்டுகிற மெஷினை மாட்டிப் பார்த்தாள். காற்றை அளக்கிற சென்சாரிடமிருந்து சேதி ஒழுங்காக வரவில்லை என்று அது சொன்னது. அவள் அந்தச் சென்சாரின் பிளக்கைப் பிடுங்கி, மூக்கின் அருகே கொண்டுபோனாள்.

"அண்ணே, இது மணக்குது."

தவமணி ரோட்டைப் பார்த்தான்.

விஷயம் இதுதான். முதல்முதலாகத் தன் கையால் பார்த்த எஞ்சின் வேலை, போகப்போவதோ பவளத்தின் பிரசவத்துக்கு. பொட்டு வைக்காமல் எப்படி மூடுவது? ஆயுதபூஜையில் சுத்தியல், ஸ்பேனர், ஆம்ப்ளிஃபயர் என்று ஒன்றையும் விடாமல் வைக்கிற ஆள் அவன். கழற்றிய பாகங்களைப் பேப்பரில் வரிசையாகப் பரப்பி, சந்தனத்தைக் கரைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் மாட்டியிருக்கிறான். பிளக்குக்கு வைக்கும்போது விரல் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. ஈரச் சந்தனம் பித்தளைக் கம்பிகளுக்கு நடுவே இறங்கிக் காய்ந்துபோயிருந்தது.

பிலோமினா ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனால் அவள் அதைக் கேலி பண்ணவில்லை. பழைய பல் தேய்க்கிற பிரஷ் ஒன்றை எடுத்து, சுத்தம் பண்ணுகிற மருந்தை அடித்து, உள்ளே இருந்ததை மட்டும் பொறுமையாகத் தேய்த்து எடுத்தாள். வெளிப்புறத்தில் இருந்த பொட்டு அப்படியே இருந்தது. பிளக்கை வெயிலில் வைத்தாள்.

"காயட்டும்" என்றாள்.

டீ வந்தது. இரண்டு பேரும் டயர்மேல் உட்கார்ந்தார்கள். தவமணிக்குப் பாரம் இறங்கிவிட்டது. இனி பேச்சு நிற்குமா? ஆணிப் பலகையில் தொங்கிய சின்னக் கட்டரை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வீட்டு வேலைக்குத்தான், நாளைக்குக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறேன் என்றான்.

"வீட்டுல என்ன வேலை?"

"பவளத்தோட மெட்டியை வெட்டணும். விரல் வீங்கி, மெட்டி உள்ளே புதைஞ்சு போச்சு. சோப்பு போட்டும் வரல, எண்ணெய் போட்டும் வரல."

அதைச் சொல்லும்போது அவன் முகம் பூரித்துப்போயிருந்தது. பவளத்துக்கு இப்போது அவள் செருப்பே நுழைவதில்லையாம். இவன் செருப்பைத்தான் சரக்கு சரக்கென்று இழுத்துக்கொண்டு வீடெல்லாம் நடக்கிறாளாம். வளையல்கூட இறுகிவிட்டதாம். முகம் பௌர்ணமி நிலா மாதிரி உருண்டிருக்கிறது, பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, நிச்சயம் பெண் பிள்ளைதான், தாய்க்கு என்ன களை பார் என்று சொன்னாளாம். நான் அவளை இப்போது பவளம் என்று கூப்பிடுவதில்லை, பூசணிக்காய் என்றுதான் கூப்பிடுகிறேன், அவளும் திட்டிக்கொண்டே சிரிக்கிறாள் என்றான்.

பிலோமினாவும் சிரித்துக்கொண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு முகத்துக்கு வந்தபோது அவள் சிரிப்பு நின்றது. டீ கிளாஸைத் தரையில் வைத்தாள்.

"எப்போதிலிருந்து?"

"எது?"

"முகம்."

"வளைகாப்பு முடிஞ்சதிலிருந்துன்னு வச்சுக்குங்களேன். கால் வீக்கம் அதுக்கு முன்னாடியே இருக்கு. எல்லாப் பிள்ளைத்தாச்சிக்கும் வீங்கத்தான் செய்யும்னு எங்கம்மா சொன்னாங்க."

"தலை வலிக்குதுங்கறாளா?"

"வலிக்குது. தைலம் தேய்ச்சு விடுவேன். போயிடும்."

"போயிட்டு?"

"விடியறதுக்குள்ள வந்துடும். திரும்பத் தேய்ச்சு விடுவேன். போகும். திரும்ப..."

தவமணி பாதியில் நிறுத்தினான்.

பட்டறைக்கு வெளியே ஒரு லாரி கடந்து போனது. பிலோமினா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"கண்ணு எப்படி இருக்கு?"

"பூச்சி பறக்கற மாதிரி தெரியுதுன்னா. தூக்கம் இல்லாததால இருக்கும்னு..." அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. மைக்கில் யாரோ வால்யூமைக் குறைக்கிற மாதிரி.

"கடைசியா எப்ப ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?"

போன செவ்வாய்க்கிழமை போயிருக்க வேண்டும். அன்றைக்குத்தான் கார் வாசலில் பிரிந்து கிடந்தது. பவளமே, பரவாயில்லை, நீங்கள் வேலையை முடியுங்கள், அம்மா ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு அவனுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள், அந்தச் செருப்பை இழுத்துக்கொண்டு.

அவன் இதையெல்லாம் மெதுவாகச் சொல்லி முடித்தான். சொல்லி முடித்தபோது அவன் கண் அவள் கட்டைவிரலில் இருந்த பொட்டின்மேல் இருந்தது.

பிலோமினா எழுந்தாள். பொட்டை நகத்திலிருந்து உரித்து, அவன் உள்ளங்கையை விரித்து, அதில் ஒட்டினாள். பிறகு ஆணியில் தொங்கிய தன் கார் சாவியை எடுத்து அந்தக் கையிலேயே வைத்து மூடினாள்.

"நம்ம வண்டியை எடுத்துக்குங்க. அம்மா வீட்டுக்கு இல்ல. பெரியாஸ்பத்திரிக்கு. இப்பவே. போனதும் முதல்ல பிரஷர் பார்க்கச் சொல்லுங்க. தலைவலி, முகம், பூச்சி பறக்கறது, ஒன்னையும் விடாம நீங்களே சொல்லணும். அவ ஒன்னும் இல்லன்னுதான் சொல்லுவா."

தவமணி தலையாட்டினான். சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரெண்டு எட்டு வைத்தான். பழக்கதோஷம், திரும்பித் தன் காரைப் பார்த்தான். கதவு திறந்து கிடந்தது. உள்ளே அந்த மஞ்சள் விளக்கு, மறைக்க ஒன்றும் இல்லாமல், எரிந்துகொண்டிருந்தது.

"குருவே, அது?"

"அது எரியட்டும். நான் இங்கதான் இருக்கேன்."

அவன் ஓட்டமும் நடையுமாக அவள் வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினான். பிலோமினா பின்னாலேயே வந்து ஜன்னலில் கையை வைத்தாள். இன்னொரு கையை அவன் முன்னால் நீட்டினாள்.

"கட்டரைக் குடுத்துட்டுப் போங்கண்ணே. மெட்டி கால்லயே இருக்கட்டும். டாக்டர் அதைப் பார்க்கட்டும்."