வைரவனின் படம் ஏற்கப்படவில்லை

மலைப்பாதையில் மரம் விழுந்து கிடந்தது. கீழே ஸ்டூடியோவுக்குப் போக வழியில்லை. மடத்திலேயே படம் எடுத்தாக வேண்டும்.

"சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும் சாமி," என்றார் வைரவன். "பாஸ்போர்ட் படம் இல்லாம விசா விண்ணப்பம் நகரமாட்டேங்குது. விசா வந்தாத்தான் ஆபரேஷனுக்கு முன்னாடி போய்ச் சேர முடியும்."

ஆக்லாந்தில் அவர் தம்பி சாத்தப்பனுக்கு இதய அறுவை சிகிச்சை. அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷம் ஆகிறது. முந்தின நாள் தம்பி மனைவிதான் போன் செய்தாள். "உங்களைப் பார்க்கணும்ங்கறார், வாங்க."

குரு சமையல்கட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வைரவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"போனைக் குடுங்க."

சுண்ணாம்புச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டினார்கள். வைரவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் நின்றார். குரு எடுத்தார். சமையல்கார அய்யாவு கரண்டியும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, தலை மட்டும்தான் வெளிநாடு போகுதா?"

மடத்தில் எல்லோருக்கும் வெள்ளை உடை. வெள்ளைக்கு முன்னால் வெள்ளை நின்றதில் தோளைக் காணவில்லை. தலை அந்தரத்தில் தொங்கியது. விசா இணையதளத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள். படம் ஏற்கப்படவில்லை என்று வந்தது.

கலர்ச் சட்டை அய்யாவுவிடம்தான் இருந்தது. போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார். கரும்பச்சை. பெருங்காய வாசம்.

"பத்திரமுங்க. மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்தது."

இப்போது தோள் தெரிந்தது. பின்னால் நிழலும் தெரிந்தது. மறுபடி ஏற்கப்படவில்லை.

"ஏன் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க? முன்னால வாங்க. ஜன்னலைப் பார்த்து நில்லுங்க," என்றார் குரு.

நிழல் போனது. குரு போனை உயர்த்தினார்.

"அசையாம இருங்க."

விடியற்காலையில் தியானத்துக்கு உட்காரும்போது குரு சொல்வதும் இதுதான். சொன்னதும் மடத்தில் எல்லோருடைய இமையும் பாதி இறங்கும். உதட்டில் மெல்லிய சிரிப்பு வரும். வைரவனுக்கும் இறங்கியது. வந்தது.

படம் ஏற்கப்படவில்லை. கண்கள் திறந்திருக்க வேண்டும். சிரிக்கக் கூடாது.

"நான் எங்கே சிரிச்சேன்?"

"நீங்க சிரிக்கலீங்க," என்றார் அய்யாவு. "அதுவா சிரிக்குது."

அடுத்த தடவை வைரவன் கண்ணை உருட்டி விழித்தார்.

"அய்யனாரு தோத்தாருங்க. கையில அருவாளைக் குடுத்துடலாம்."

"நீ உள்ளே போய்யா!"

வைரவன் கத்தினார். மடத்தில் அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. அய்யாவு உள்ளே போகவில்லை. கதவு ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

வைரவன் உதட்டை இறுக்கிப் பார்த்தார். கஷாயம் குடித்த முகம். தளர்த்திப் பார்த்தார். சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இடையில் சிக்னல் போனது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். சிக்னல் வந்ததும் ஓடிவந்து போனைக் குருவிடம் கொடுத்துவிட்டு நின்றார். நின்ற இடத்திலும் கால் நிற்கவில்லை.

"இந்த முகத்துக்காக எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கேன் சாமி! அப்பா சிதை எரிஞ்சப்பகூட இது மாறலை. பக்கத்துல சாத்தப்பன் தரையில விழுந்து அழறான். நான் இப்படியே நின்னேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

"நான் உட்காரத்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அவனுக்கு அது புரியலை. 'இந்தச் சிரிப்பைக் கழட்டி வெச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்'னான். அன்னிக்குப் பிளேன் ஏறினவன்தான்."

போன் கண்ணாடியில் வெண்டைக்காய்ப் பிசின் ஒட்டியிருந்தது. குரு அதை வேட்டி நுனியால் துடைத்தார்.

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் சுவரின் பாதிக்கு வந்துவிட்டது.

"எந்த முகத்தை வெச்சுக்கட்டும் சாமி? சொல்லுங்க, வெச்சுக்கறேன். நேரம் இல்லை."

குரு போனை உயர்த்தினார். இந்தத் தடவை அசையாமல் இருக்கச் சொல்லவில்லை.

"உங்க தம்பி பிழைப்பாரா?"

வைரவன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். குருவையே பார்த்தார். கால் நின்றுவிட்டது.

போன் 'கிளிக்' என்றது.

படத்தை அனுப்பினார்கள். வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

படம் ஏற்கப்பட்டது.

"சட்டை ராசிங்க," என்றார் அய்யாவு. யாரும் சிரிக்காததால் உள்ளே போனார்.

வைரவன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பச்சைச் சட்டையில் ஒரு கிழவர். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட பிள்ளை போல விழித்துக்கொண்டிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தார். சின்னதாக்கிப் பார்த்தார்.

"இது நான் மாதிரியே இல்லையே சாமி. அங்கே இறங்கினதும் இது யாருன்னு கேட்டா?"

குரு வெண்டைக்காயிடம் திரும்பிப் போயிருந்தார். காம்பை நறுக்கித் தள்ளினார்.

"உங்க தம்பிக்கு அடையாளம் தெரியும்," என்றார்.